சோயா கேண்டில் வழவழன்னு வரணுமா? ராணிப்பேட்டை வெயிலுக்கு ஏத்த முழு கைடு!

ரீல்ஸ்ல பார்த்தா ரொம்ப ஈஸியாதான் தெரியும். மெழுகை உருக்கு, ஜார்ல ஊத்து, நடுவுல திரி வை, முடிஞ்சது. ஆனா நம்ம வீட்டுல ஊத்திட்டு மறுநாள் காலையில பார்த்தா, மேலே மேடு பள்ளம், திரியைச் சுற்றி ஓட்டை, கண்ணாடி ஓரத்தில் திட்டுத் திட்டாக ஈரம் மாதிரி ஏதோ ஒன்று. இன்ஸ்டாவில் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஆர்டர் எடுத்திருந்தால் இன்னும் கஷ்டம். மெழுகு, வாசனை எண்ணெய், ஜார் எல்லாம் காசு போட்டு வாங்கியது. பலர் நல்ல கேண்டிலையே 'ஃபெயிலியர்' என்று நினைத்து மறுபடி உருக்குகிறார்கள், இல்லையென்றால் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். கேண்டில் வழவழப்பாக வருவதும் வராததும் பெரும்பாலும் ஊற்றிய பிறகு, அது ஆறும் நேரத்தில்தான் முடிவாகிறது. இணையத்தில் இருக்கும் கைடுகள் பலவும் அறையின் வெப்பநிலை 21 முதல் 24 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. மே மாத ராணிப்பேட்டையில் அந்த அறைக்கு எங்கே போவது? அதனால் நம்ம ஊர் கணக்கு வேறு.

சோயா மெழுகு என்பது என்ன?

1990-களின் தொடக்கத்தில், தேன்மெழுகுக்கு மாற்றாக விலை குறைந்த ஒன்றைத் தேடிய அமெரிக்கர் மைக்கேல் ரிச்சர்ட்ஸ் உருவாக்கியதுதான் சோயா மெழுகு. சோயாபீன்ஸ் எண்ணெயில் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டியாக்குவார்கள். நம்ம ஊர் வனஸ்பதி தயாராகும் அதே முறை. அதாவது, இது பாரஃபின் மாதிரி பெட்ரோலியத்திலிருந்து வருவது இல்லை. உறைந்த தாவரக் கொழுப்பு.

நெய்யை நினைத்துப் பாருங்கள். ஒரே நெய்தான், ஆறும் விதத்தைப் பொறுத்து ஒரு தடவை வழவழவென்று உறையும், இன்னொரு தடவை மணல் மணலாக உறையும். சோயா மெழுகும் அப்படியே. உள்ளே கொழுப்பு சின்னச் சின்னப் படிகங்களாக அடுக்கப்படும்போது வெப்பம் ஏறி இறங்கினால், அந்த அடுக்கு தாறுமாறாகிறது. அதுதான் மேலே மேடு பள்ளமாகத் தெரிகிறது.

வாங்கும்போது கேட்க வேண்டியது

சோயா மெழுகில் இரண்டு வகை உண்டு. ஜாரில் ஊற்றும் வகை மென்மையானது. பெரும்பாலும் 45 முதல் 50 டிகிரிக்குள் உருகிவிடும். அச்சில் ஊற்றித் தனியாக நிற்க வைக்கும் 'பில்லர்' வகை கெட்டியானது, உருகுநிலையும் அதிகம். ஜார் கேண்டிலுக்குப் பில்லர் வகையை ஊற்றினால் கண்ணாடியை விட்டு விலகி நிற்கும். கடைக்காரரிடம் 'இது எந்த வகை, உருகுநிலை எவ்வளவு, எத்தனை சதவிகிதம் வாசனை தாங்கும்' என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் தெரியாத கடையில் கிலோ கணக்கில் வாங்க வேண்டாம்.

வாசனைக்கு, கேண்டிலுக்கென்றே விற்கும் எண்ணெய்தான் சரி. கேசரிக்கு ஊற்றும் ரோஸ் எசன்ஸ் கலக்காது, தனியாகப் பிரிந்து நிற்கும். டிஜிட்டல் தராசும் தெர்மாமீட்டரும் கட்டாயம். கைப்பக்குவம் சமையலுக்கு ஓகே, இதுக்கு வேலைக்கு ஆகாது.

ஒரு ஜாருக்கு எவ்வளவு மெழுகு?

ஜாரில் எதுவரை மெழுகு வேண்டுமோ அதுவரை தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளுங்கள். அந்த மில்லி லிட்டரை 0.86-ஆல் பெருக்கினால் தோராயமான எடை கிடைக்கும். 200 மி.லி. என்றால் மொத்தம் 172 கிராம். 8 சதவிகிதம் வாசனை சேர்க்கிறீர்கள் என்றால் மெழுகு 159 கிராம், வாசனை எண்ணெய் 13 கிராம். ஆரம்பத்தில் 6 முதல் 8 சதவிகிதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 'இன்னும் கொஞ்சம் வாசனை வரட்டும்' என்று கூடுதலாக ஊற்றினால், வெயில் நாளில் கேண்டிலின் மேல் எண்ணெய் முத்து முத்தாக வியர்க்கும். அளந்து முடித்ததும் ஜாரில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாமல் துடைத்துக் காயவையுங்கள்.

ஊற்றும் முறை

1. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் மெழுகு இருக்கும் பாத்திரத்தை வையுங்கள். நேரடித் தீ வேண்டாம். மெழுகுக்குள் தண்ணீர் தெறிக்கக் கூடாது.

2. மெழுகு 80 முதல் 85 டிகிரிக்கு வரட்டும். அதற்கு மேல் நெடுநேரம் சூடாக்கினால் மஞ்சள் நிறம் வரும்.

3. அடுப்பிலிருந்து இறக்கி, வாசனை எண்ணெயைச் சேர்த்து, 2 நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். மோர் கடைவதுபோல வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழிகள் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

4. அது ஆறுவதற்குள் ஜாரைத் தயார் செய்யுங்கள். திரியை அடியில் ஒட்டி, மேலே ஐஸ்கிரீம் குச்சியாலோ துணி கிளிப்பாலோ நடுவில் நிறுத்துங்கள்.

5. மெழுகு 55 முதல் 60 டிகிரிக்கு இறங்கியதும், பாத்திரத்தின் மூக்கை ஜாருக்குப் பக்கத்தில் வைத்து ஒரே சீராக ஊற்றுங்கள். உயரத்திலிருந்து டீ ஆற்றுவதுபோல ஊற்ற வேண்டாம். பாத்திரத்தில் கொஞ்சம் மெழுகை மிச்சம் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

6. முழுசாக உறையும்வரை ஜாரைத் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள்.

நம்ம ஊர் வெயிலும் ஆறும் நேரமும்

2019-ல் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான ராணிப்பேட்டையிலும், வேலூர், ஆம்பூர் பக்கமும் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதில்லை. அறையே 36, 37 டிகிரியில் இருந்தால், 45 டிகிரியில் உருகும் மெழுகு எப்போது இறுகும்? நெடுநேரம் பாதிக் குழைவாகவே கிடக்கும். அதைப் பார்த்துப் பொறுமை இழந்து சீலிங் ஃபேனை முழு வேகத்தில் போடுவதும், ஃபிரிட்ஜில் வைப்பதும்தான் பெரும்பாலான கேண்டில்கள் கெட்டுப்போகக் காரணம். மேல்பகுதி சட்டென்று உறைந்து மூடிக்கொள்ளும், உள்ளே சூடு அப்படியே இருக்கும். உள்பக்கம் பிறகு சுருங்கும்போது ஓட்டையும் விரிசலும் விழும்.

கோடையில் செய்ய வேண்டியது: ஊற்றும் வேலையை விடியற்காலைக்கு மாற்றுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம். பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் இரவிலும் வெப்பத்தை இறக்கும். ஊற்றும் வெப்பநிலையை 50, 52 வரை குறைத்துப் பாருங்கள். ஏசி இருந்தால் 26-ல் முன்கூட்டியே போட்டுவிட்டு, காற்று நேராகப் படாத மூலையில் ஜாரை வையுங்கள். கரன்ட் அடிக்கடி போகும் நாளில் ஏசியை நம்பி ஊற்ற வேண்டாம். அறை குளிர்ந்து, சூடாகி, மறுபடி குளிர்வதுதான் சோயா மெழுகுக்கு ஆகவே ஆகாது.

மார்கழியில் கதை தலைகீழ். காலையில் ஜாரும் தரையும் ஜில்லென்று இருக்கும். அதனால் ஜாரை வெதுவெதுப்பாக்கி, 60 டிகிரியில் ஊற்றி, மேலே ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடுங்கள். மெதுவாக ஆறும்.

எந்தக் காலமானாலும் ஜாரை டைல்ஸ், கிரானைட் மேல் நேராக வைக்காமல் தடிமனான அட்டை மேல் வையுங்கள். ஜார்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும்.

குறையும் தீர்வும்

*மேடு பள்ளம்:* ஹேர் டிரையரைக் குறைந்த காற்றில், நல்ல சூட்டில் வைத்து மேல்பரப்பை மட்டும் உருக்கி ஆறவிடுங்கள். ஹீட் கன் இருந்தால் இன்னும் சுலபம்.

*திரி ஓரம் ஓட்டை:* குச்சியால் குத்திப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருந்தால் அதைத் திறந்துவிட்டு, மிச்சம் வைத்த மெழுகை உருக்கி மெல்லிய அடுக்காக மேலே ஊற்றுங்கள். மேலே மட்டும் பூசி மறைத்தால், எரியும்போது திரி குழிக்குள் மூழ்கும்.

*கண்ணாடியில் ஈரத் திட்டு:* அது ஈரமே இல்லை. மெழுகு சுருங்கி, கண்ணாடியை விட்டு அந்த இடத்தில் விலகியிருக்கிறது. ஜாரைச் சுத்தமாகத் துடைத்து, லேசாகச் சூடாக்கி ஊற்றினால் குறையும். எரிவதற்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

*எண்ணெய் வியர்வை:* வாசனை எண்ணெய் அதிகம், அல்லது அறைச் சூடு அதிகம். டிஷ்யூவால் துடைத்துவிட்டு, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பற்றவைக்கும் முன் கட்டாயம் துடைக்க வேண்டும்.

வெள்ளைப் பூ பூத்தால் பயப்படாதீங்க

சோயா கேண்டிலில் பனி படர்ந்த மாதிரி வரும் வெள்ளைப் படிவத்துக்கு 'ஃப்ராஸ்டிங்' என்று பெயர். தோல் தொழில் தெரிந்த குடும்பங்களுக்கு இது புதிதில்லை. பதனிட்ட தோல் மென்மையாக இருக்க, அதில் எண்ணெய்க் கொழுப்பை ஏற்றுவார்கள். குளிர்ந்த கிடங்கில் வைத்த தோலில் சில நேரம் அந்தக் கொழுப்பு மேலே வந்து வெள்ளையாகப் படியும். 'ஃபேட்டி ஸ்பியூ' என்பார்கள். லேசாகச் சூடு காட்டினால் மறைந்துவிடும். மறையாவிட்டால் அது பூஞ்சையாக இருக்கலாம். கேண்டிலில் நடப்பதும் கொழுப்பு படிகமாவதுதான். டிரையர் காட்டினால் மறையும், ஆனால் சில நாளில் திரும்ப வரலாம்.

வாசனையோ, எரியும் நேரமோ இதனால் குறையாது. அடர் சிவப்பு, நீல நிறங்களில் இது பளிச்சென்று தெரியும். நிறமே சேர்க்காத வெள்ளைக் கேண்டிலில் கண்ணுக்கே தெரியாது. கடையில் மாதக்கணக்கில் கண்ணாடி மாதிரி இருக்கும் கேண்டில்களில் பாரஃபினோ வேறு மெழுகோ கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அதோடு ஒப்பிட்டு உங்களுடையதைக் குப்பையில் போடாதீர்கள். விற்பவர்கள், 'இது தாவர மெழுகின் இயல்பு' என்று லேபிளில் ஒரு வரி எழுதிவிட்டால் பாதிப் புகார் வராது. அதேநேரம் 'புகையே வராது' என்று மட்டும் எழுதாதீர்கள். திரி நீளமாக இருந்தால் எந்தக் கேண்டிலும் கரி கக்கும்.

விற்கும் முன்...

ஊற்றியதும் பேக் பண்ண வேண்டாம். மூடி போட்டு ஒன்று முதல் இரண்டு வாரம் வைத்தால்தான் வாசனை நன்றாகப் பிடிக்கும். ஒவ்வொரு ஜார் அளவுக்கும் ஒன்றை நீங்களே முழுசாக எரித்துப் பாருங்கள். திரி சின்னதாக இருந்தால் நடுவில் மட்டும் குழி விழும். பெரிதாக இருந்தால் ஜார் கொதிக்கும். மே மாதத்தில் டெலிவரி செய்வது ரிஸ்க். வெயிலில் நிறுத்திய காருக்குள் 50 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், நீங்கள் பார்த்துப் பார்த்து ஊற்றிய கேண்டில் அங்கே திரும்பத் திரவமாகிவிடும். கோடை ஆர்டர்களுக்கு உருகுநிலை அதிகமான கலவையைத் தேர்ந்தெடுத்து, காலையிலேயே அனுப்புங்கள்.

பாதுகாப்பு முக்கியம்

மெழுகு உருகும்போது அடுப்படியை விட்டு நகராதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் மெழுகு வெடித்துத் தெறிக்கும். அடுப்பை அணைத்து, தட்டால் மூடுங்கள். கட்டுக்குள் வராவிட்டால் வெளியே வந்து 101 அல்லது 112-க்கு அழையுங்கள். மெல்லிய கண்ணாடி டம்ளர், விரிசல் விட்ட ஜார் வேண்டாம். மிச்ச மெழுகை சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்; பேப்பர் கப்பில் ஊற்றி உறையவைத்து, அடுத்த முறைக்கு எடுத்து வையுங்கள்.

எரிக்கும்போது திரியை 6 மி.மீ. அளவுக்கு வெட்டி, முதல் தடவை மெழுகு ஓரம்வரை உருகும்வரை எரியவிடுங்கள். 4 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

ஒரு நோட்டில் தேதி, அறை வெப்பநிலை, ஊற்றிய வெப்பநிலை, எப்படி வந்தது என்ற நான்கை மட்டும் எழுதி வாருங்கள். நாலைந்து முறை ஊற்றியதும், உங்கள் வீட்டுக்கு, உங்கள் மெழுகுக்கு எது சரி என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.