பட்டச் சட்டமும் போர் விமானமும்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் விமான மாதிரிக் கலை வந்த வழி

விமான மாதிரிகளின் வரலாற்றைப் பிளாஸ்ரிக் பெட்டிகளின் வரலாறாக எழுதுவதே வழக்கம். பெட்டிக்குள் வார்ப்புத் துண்டுகள், ஒரு விளக்கத்தாள், நீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்கள் என்று அது தொடங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இந்த வழி பொருந்தாது. போர் விமானங்களை இந்த அளவுக்கு அறிந்த ஊர்கள் உலகில் அதிகம் இல்லை. ஆனால் இங்கே அந்த அறிவு அலுமாரி மாதிரியாக உருவெடுக்கவில்லை. அது முதலில் காதில் தங்கியது, பிறகு பட்டச் சட்டத்தில் ஏறியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒப்பீட்டுக்காக மேற்கின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1932இல் பிரித்தானியாவில் ஜேம்ஸ் ஹே ஸ்ரீவன்ஸ் வடிவமைத்த ‘ஸ்கைபேர்ட்ஸ்’ மரத் தொகுதிகளோடு 1:72 அளவு நிலைபெற்றது. ஆறு அடி விமானம் ஓர் அங்குலம் ஆகும் கணக்கு அது. 1936இல் ‘ஃபுரொக் பென்குயின்’ பிளாஸ்ரிக் தொகுதிகள் வந்தன. பொழுதுபோக்காக இருந்த இதைப் போர் தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது. 1942இல் அமெரிக்கக் கடற்படை பாடசாலை மாணவர்களிடம் ஐந்து இலட்சம் மாதிரிகளை மரத்தில் செதுக்கித் தரும்படி கேட்டது. எல்லாம் 1:72 அளவு, எல்லாவற்றுக்கும் கறுப்பு வர்ணம். வானத்தில் தெரிவது நிழலுரு மட்டுமே என்பதால் அலங்காரம் வேண்டாம் என்றார்கள். 10 மீற்றர் தள்ளி நின்று அந்த மாதிரியைப் பார்ப்பவருக்கு 720 மீற்றர் தொலைவில் வரும் உண்மை விமானம் எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும். தன்னுடையதா, பகைவனுடையதா என்று சில விநாடிகளில் சொல்லப் பழக்குவதே நோக்கம்.

இந்தத் தேவை இலங்கைக்கும் அந்த ஆண்டே வந்தது. 1942 ஏப்ரல் 4ஆம் நாள் கொக்கலவிலிருந்து புறப்பட்ட கற்றலினா பறக்கும் படகொன்று ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. 5ஆம் நாள் கொழும்பும் 9ஆம் நாள் திருகோணமலையும் தாக்கப்பட்டன. குடாநாட்டின் பலாலி ஓடுபாதையைப் பிரித்தானிய விமானப்படை அமைத்ததும் அந்தப் போர்க் காலத்தில்தான். போரின் கடைசிக் கட்டத்தில் நான்கு எந்திர லிபறேற்றர்கள் இங்கிருந்து கடலுக்கு மேலே சென்று வந்தன. அக்கால விமானமொன்றைச் செய்து முடிப்பவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஏப்ரல் தாக்குதலை எதிர்கொண்ட ஹரிக்கேன்களின் வட்டச் சின்னத்தில் நடுவே சிவப்பு இருந்தது. ஜப்பானின் சிவப்புச் சூரியனோடு குழம்பிச் சொந்த விமானத்தையே சுட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பின்னர் இந்தக் களத்தில் அந்தச் சிவப்பை நீக்கி நீலமும் வெள்ளையுமாக்கினார்கள். ஒரு பொட்டு வர்ணம் மாதிரியின் ஆண்டையே சொல்லிவிடும்.

போர் முடிந்ததும் பலாலியின் முகம் மாறியது. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் பயணம் இரத்மலானையிலிருந்து பலாலி (காங்கேசன்துறை) வழியாகச் சென்னைக்குப் போனது, பறந்தது டக்கோட்டா. பிரித்தானியாவிலோ 1953இல் எயர்ஃபிக்ஸ் நிறுவனம் தன் முதல் ஸ்பிற்ஃபயர் மாதிரித் தொகுதியை விற்பனைக்கு விட்டது. உண்மையான ஸ்பிற்ஃபயரின் இறக்கை நீளம் 11.23 மீற்றர், 1:72இல் அது 15.6 சென்ரிமீற்றர், ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். அந்தப் பெட்டிகளைச் சுற்றி அங்கே ஒரு தலைமுறை வளர்ந்தது. குடாநாட்டுப் பிள்ளைகளின் கைவேலை வேறு பொருட்களில் நடந்தது. அதற்கு வருமுன் எண்பதுகளைச் சொல்லியாக வேண்டும்.

உள்நாட்டுப் போர் நடந்த எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து குடாநாட்டார் இலங்கை விமானப்படையின் விமானங்களை இனம்பிரித்தது கண்ணால் அல்ல. இத்தாலியத் தயாரிப்பான சியாமாசெட்டி, பெல் ஹெலி, குண்டு போடவும் பயன்பட்ட போக்குவரத்து விமானங்களுக்கு மக்கள் வைத்த பெயரான ‘சகடை’, தொண்ணூறுகளில் புக்காரா, 1996இல் கிபிர், 2000இல் மிக்-27 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் இருந்தது. ‘ட’ வடிவில் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்ட பங்கருக்குள் ஓட எவ்வளவு நேரம் உண்டு என்பதை அந்தச் சத்தமே சொன்னது. சகடை வருவது முன்கூட்டியே கேட்கும். கிபிரின் இரைச்சல் காதை எட்டும்போது அது தலைக்கு மேலே வந்திருக்கும். அமெரிக்க மாணவர் செதுக்கிய கறுப்பு மாதிரிகள் கண்ணுக்குக் கற்பித்ததை இங்கே ஐந்து வயதுப் பிள்ளையின் காது தானாகக் கற்றது. தவறினால் விலை உயிர். 1995 யூலை 9இல் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் மீது குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். இந்த விமானங்களைப் பற்றி எழுதும் எவரும் அந்த நாளைக் கடந்து போக முடியாது; நானும் கடக்க விரும்பவில்லை.

விதிவிலக்காக ஒரு நாள் மக்கள் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்கள். 1987 யூன் 4இல் இந்தியாவின் ஐந்து ஏ.என்-32 விமானங்கள் மிராஜ்-2000 காவலுடன் வந்து உணவுப் பொதிகளைப் போட்டன. நான்கு மாதம் கழித்து அதே நாட்டின் எம்.ஐ-8 ஹெலிகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் படையினரை இறக்கின. 1990இலிருந்து எரிபொருள், மின்கலம், சீமெந்து எல்லாவற்றுக்கும் பொருளாதாரத் தடை. பிளாஸ்ரிக் மாதிரித் தொகுதி வந்து சேரும் காலமா அது?

கையில் இருந்தவை மூங்கில், கமுகஞ்சிலாகை, ஈர்க்கு, நூல், ரிசுத்தாள், கோதுமைமாப் பசை. அதாவது பட்டம். வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் குடாநாட்டின் வானம் நிரம்பும்: கொக்கு, பிராந்து, வௌவால், எட்டுமூலை, பெட்டி. பெரிய பட்டத்தின் தலையில் வில்லாக வளைத்துக் கட்டிய விண் இரவிரவாகக் கூவும். அந்தக் கூவலை வைத்தே யாருடைய பட்டம் நிற்கிறது என்று படுக்கையிலிருந்து சொல்பவர்கள் இருந்தார்கள். விமானச் சத்தத்தைப் பிரித்தறிந்த காது இந்தப் பயிற்சியோடு வந்த காதுதான் என்பது என் கருத்து.

இந்தக் கலையின் உச்சம் வல்வெட்டித்துறை. தைப்பொங்கல் நாளில் அங்கே உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டப்போட்டியில் விமானம், ஹெலிகொப்டர், கப்பல், பறவை என்று முப்பரிமாண உருவங்கள் எழும்புகின்றன. வல்வெட்டித்துறையில் ஏன் என்ற கேள்விக்கு ஊரின் தொழிலே விடை. இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவர் வாங்கியபின் 1938இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகம் வரை சென்றது. ஏரா வைத்து, வங்கு நிறுத்தி, அதன்மேல் பலகை போர்த்துவது கப்பல் வேலை. நடுச்சிலாகை வைத்து, குறுக்கு வளையங்கள் நிறுத்தி, அதன்மேல் தாள் போர்த்துவது விமானப் பட்ட வேலை. முறை ஒன்றே என்பதை அருகில் நின்று பார்ப்பவர் மறுக்கமாட்டார்.

பறப்பியலின் வரலாறும் இந்த உறவை உறுதிப்படுத்துகிறது. 1804இல் ஜோர்ஜ் கெய்லி செய்த மாதிரி மிதவை விமானத்தின் இறக்கை, தடியொன்றில் பொருத்திய பட்டமே. 1893இல் அவுஸ்திரேலியாவில் லோறன்ஸ் ஹாக்றேவ் பெட்டிப் பட்டத்தை உருவாக்கினார்; ஐரோப்பாவின் முதல் விமானங்கள் சில அந்தப் பெட்டி வடிவிலேயே எழுந்தன. றைற் சகோதரர்கள் 1899இல் தம் இறக்கை முறுக்கும் உத்தியைப் பட்டத்தில்தான் சோதித்தார்கள். ஆகவே வல்வெட்டித்துறை விமானப் பட்டத்துக்கு நெருங்கிய உறவு எயர்ஃபிக்ஸ் பெட்டி அல்ல. மெல்லிய மரச்சட்டத்தில் ரிசுத்தாள் போர்த்து, நீர் தெளித்து இறுக்கி, மெருகு பூசிப் பறக்கவிடும் பழைய சட்ட மாதிரிகளே அதன் உறவுக்காரர். இரண்டுக்கும் ஒரே கட்டாயம்: பாரம் கூடினால் ஏறாது.

இங்கேதான் செய்பவரின் திறமை தெரியும். உண்மையான போர் விமானத்தின் உடல் தடித்தது, இறக்கை சிறியது. அப்படியே அளந்து செய்தால் பட்டம் நிலத்தைவிட்டுக் கிளம்பாது. எனவே உடலை வெறுங்கூடாக இளக்கி, காற்றைத் தாங்கும் வேலையை இறக்கைக்கும் வால் தட்டுக்கும் கொடுக்க வேண்டும். பிறகு முச்சை. நூல்கள் சந்திக்கும் முடிச்சை ஒரு விரலளவு முன்னே தள்ளினால் மூக்குத் தாழ்ந்து காற்றை வெட்டிக்கொண்டு ஏறும். பின்னே போனால் மூக்கு நிமிர்ந்து, காற்று முழுவதையும் நெஞ்சில் வாங்கி, நூலை அறுக்கும் வேகத்தில் இழுக்கும். கடற்கரையில் முடிச்சை அவிழ்த்து மாற்றி, இருவர் பட்டத்தைத் தூக்கிப் பிடிக்க, கயிற்றுக்காரர் ஒரு வெட்டு வெட்டி இழுத்துப் பார்ப்பது இதற்காகத்தான். தைப்பனியில் ரிசுத்தாள் ஈரம் குடித்துத் தளரும் என்பதால் பெரியவற்றுக்குப் பொலித்தீன் போர்ப்பதும் உண்டு.

மெருகு வேலையிலும் தெளிவான கணக்கு இருக்கிறது. கிபிரின் இறக்கை நீளம் 8.22 மீற்றர். அதை ஐந்தில் ஒன்றாக்கினால் 1.64 மீற்றர், ஒருவர் கையை விரித்த அகலம். அந்தப் பட்டம் 150 மீற்றர் தொலைவில் நிற்கும்போது, 750 மீற்றரில் வரும் உண்மைக் கிபிரின் அளவில் தெரியும். 1942இன் கறுப்பு மாதிரிகளுக்கு வகுத்த தூரமும் ஏறக்குறைய இதுவே. அந்தத் தூரத்தில் ஆணித் தலையும் தகட்டுக் கோடும் கண்ணுக்கு எட்டா. மூக்கின் கூர், இறக்கை பின்வாங்கும் கோணம், வாலின் உயரம் ஆகிய மூன்றும் சரியாக வந்தால் கரையில் நிற்பவர்கள் பெயரைச் சொல்லிவிடுவார்கள். செய்பவர்கள் தம் உழைப்பில் பெரும்பங்கை அந்த மூன்றிலேயே செலவிடுகிறார்கள்.