ரேந்தைப் பின்னலும் விடுதலையும்

தென் திருவிதாங்கூர்த் திருச்சபை வரலாற்றைக் கற்பிக்கையில், ரிங்கல்தௌபே, மீட் ஆகிய ஐயர்மாரின் பெயர்களை மாணவர் எளிதில் ஒப்புவிப்பர். மார்த்தா மால்ட் அம்மையாரைக் குறித்துக் கேட்டாலோ வகுப்பில் மௌனமே நிலவும். இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் ஐயரின் மனைவியாக 1819-இல் நாகர்கோவில் வந்த இவர், பெண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளியில் வாசிப்போடு ரேந்தை பின்னவும் கற்பித்தார்.

அந்நாளில் அங்கு அடிமைமுறை நிலைபெற்றிருந்தது. 1855-இல்தான் அரசாணையால் அது ஒழிந்தது. பள்ளியில் பயின்ற சிறுமியருள் சிலர் அடிமைகளாகவே பிறந்தவர்கள். கண்ணை வருத்தி இழையிழையாய்ப் பின்னிய ரேந்தைக்குக் கிடைத்த கூலியைச் சேர்த்துவைத்து, அவர்களுள் சிலர் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்துப் பெற்றனர். இதனை நாம் விரைந்து கடந்துவிடலாகாது. உழைப்புக்குக் கூலி உண்டென்பதையே அறியாத குடியில் பிறந்த ஒரு பெண், தன்னையே மீட்கும் பொருளைத் தன் விரல்களால் ஈட்டினாள். மீட்பு என்னும் சொல்லை நாள்தோறும் கையாளும் நமக்கு இதைவிடத் தெளிவான விளக்கவுரை எங்குக் கிடைக்கும்?

ஆயினும் வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைத்தல் முறையன்று. ரேந்தையை வாங்கியவர் பெரும்பாலும் ஐரோப்பியக் குடும்பத்தினர். அதே நாட்டில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தவே போராட வேண்டியிருந்தது. 1859-ஆம் ஆண்டு அரசாணைகூட, உயர்சாதிப் பெண்களைப்போல் மேலாடை அணிய அவர்களுக்கு இசைவளிக்கவில்லை. நூல் தருவித்தல், மாதிரி தெரிதல், விற்பனை ஆகியவை மிஷனரி அம்மையாரின் பொறுப்பிலேயே இருந்தன. பின்னியவர்களின் கைத்திறன் வளர்ந்த அளவுக்கு, தொழிலை நடத்தும் திறன் வளர இடமளிக்கப்படவில்லை. அவ்வம்மையாரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அவருடைய பெயரே பல ஏடுகளில் கணவரின் நிழலில்தான் நிற்கிறது.

நீதிமொழிகளின் இறுதி அதிகாரத்துப் பெண், நூல் நூற்பதோடு நில்லாமல் வயலை ஆராய்ந்து வாங்குகிறாள். அன்னையர் ஞாயிறன்று நாம் நூற்பையே புகழ்ந்துவிட்டு வயலை விட்டுவிடுகிறோம்.

நான் முன்னர் ஊழியம் செய்த ஒரு சேகரத்தில், பெண்கள் தையல் வேலையால் ஈட்டிய பணத்தில் ஆலயத்திற்குக் கூரை வேயப்பட்டது. செலவுக் கணக்கை ஆராயக் கூடிய குழுவில் எட்டுப் பேர் இருந்தோம், எண்மரும் ஆண்கள். தலைமை வகித்தவன் நான்.