ஓவராயில்: பாடியில் மெழுகும் எண்ணெயும்

தமிழ்நாட்டுச் சைக்கிள் கடைகளில் வழங்கும் சொற்களுள் 'ஓவராயில்' என்பது தனிச்சுவை உடையது. வண்டியை முழுவதுமாகப் பிரித்து, துடைத்து, தேய்ந்ததை மாற்றி, மீண்டும் பூட்டுவதைக் குறிக்கும் 'ஓவர்ஹால்' என்னும் ஆங்கிலச் சொல்தான் இங்கு வந்து ஓவராயில் ஆயிற்று. ஆங்கிலம் கற்றோர் இதைக் கேட்டு நகைப்பதுண்டு. ஆனால் இது வெறும் உச்சரிப்புப் பிழையன்று என்றே நமக்குத் தோன்றுகிறது. பிரித்துப் பூட்டும் வேலையின் முடிவில் எண்ணெய் விடுகிறார்கள்; அதுவரை கிறீச்சிட்ட வண்டி ஓசையின்றி ஓடுகிறது. ஆகவே எண்ணெய் அந்த வேலையின் பெயருக்குள்ளேயே புகுந்துகொண்டது.

எங்கள் குழு நண்பர் ஒருவர் அண்மையில் இந்தச் சொல்லுக்கே எதிராகக் கொடி பிடித்தார். பாடியில் வசிக்கும் அவர் ஞாயிறு விடியலில் பூண்டி ஏரி வரை மிதித்துவிட்டு வருபவர். தம் சைக்கிளின் சங்கிலிக்கு அவர் எண்ணெய் விடுவதில்லை. பாரஃபின் மெழுகை உருக்கி, கழற்றிய சங்கிலியை அதில் ஊறவைத்து எடுக்கிறார். "சங்கிலியைக் கொல்வதே எண்ணெய்தான்" என்பது அவர் கட்சி. அவர் தெருமுனையில் நெடுங்காலமாகக் கடை வைத்திருக்கும் பெரியவரோ, மெழுகு என்றதும் சிரித்துவிட்டார். இருவரில் யார் சொல்வது சரி என்று பார்க்கப் புறப்பட்ட நாங்கள், ஊரின் வரலாற்றுக்குள்ளும் சற்று நடக்க வேண்டியதாயிற்று.

பாடி பழைய ஊர். சம்பந்தர் பதிகம் பெற்ற திருவலிதாயம் இதுவே. ஆனால் இன்றைய பாடியின் முகத்தைச் செதுக்கியவை 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்த ஆலைகள். 1949-இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. 1951 முதல் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் சைக்கிள்கள் வெளிவந்தன. 1955-இல் ஆவடியில் குழாய் ஆலை எழுந்தது. சங்கிலிக்கென்றே 1960-இல் அமெரிக்காவின் டயமண்ட் செயின் நிறுவனத்தின் கூட்டுறவோடு டி.ஐ. டயமண்ட் செயின் அம்பத்தூரில் அமைந்தது. அதே 1960-களின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா ஆகியவை வரிசையாக வந்தன. சட்டம், குழாய், சங்கிலி எல்லாம் சில மைல்களுக்குள் உருவான வட்டாரம் இது. அவற்றை உருவாக்கியவர்களும் ஆலைச் சங்கு ஊதுமுன் சைக்கிளில்தான் வந்து சேர்ந்தார்கள். மெழுகா எண்ணெயா என்னும் கேள்வியை இந்த ஊரில் எழுப்புவது பொருத்தமே.

முதலில் சங்கிலியைப் பார்ப்போம். ஹான்ஸ் ரெனால்டு என்பவர் 1880-இல் மான்செஸ்டரில் உருவாக்கிய அமைப்பின் வழிவந்ததே இன்றைய உருளைச் சங்கிலி. இரு தகடுகளை இணைக்கும் ஊசி. ஊசியைச் சுற்றி ஒரு குழல். குழலுக்கு வெளியே சுழலும் உருளை. ஜான் கெம்ப் ஸ்டார்லியின் 1885-ஆம் ஆண்டு ரோவர், பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் வடிவத்தை நிலைநாட்டியபின், உலகெங்கும் மிதிப்பவர் கால்வலுவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் வேலை சங்கிலியிடம் வந்து சேர்ந்தது.

ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. சாதாரண சைக்கிளின் சங்கிலியில் ஏறத்தாழ 110 மூட்டுகள் உண்டு. ஒவ்வொரு மூட்டும் பல்சக்கரத்தில் ஏறும்போது மடங்கி, இறங்கும்போது நிமிர்கிறது. அந்த மடக்கத்தில்தான் ஊசியும் குழலும் உராய்கின்றன. ஒரு மூட்டில் 0.1 மி.மீ. தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. 110 மூட்டுகளிலும் அவ்வளவு தேய்ந்தால் சங்கிலி 11 மி.மீ. நீண்டுவிடும். 'செயின் இழுத்துடுச்சு' என்று நாம் சொல்வது இதைத்தான். உண்மையில் எஃகு இழுபடவில்லை, உள்ளே தேய்ந்திருக்கிறது. 24 மூட்டுகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினால் சங்கிலியை மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு கூடினால் பல்சக்கரமும் கெட்டிருக்கும்.

ஆகவே எண்ணெயோ மெழுகோ, போய்ச் சேரவேண்டிய இடம் ஊசிக்கும் குழலுக்கும் இடைப்பட்ட அந்த மயிரிழை இடைவெளிதான். வெளியே பளபளக்கும் எண்ணெயால் பயன் இல்லை, தீமை உண்டு. அது சாலைப் புழுதியைப் பிடித்து வைக்கிறது. எண்ணெயும் நுண்மணலும் சேர்ந்த கருமையான குழம்பு மூட்டுக்குள் இறங்கினால், உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதுபோல் எஃகை அராவுகிறது. எங்கள் நண்பரின் குற்றச்சாட்டில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

மெழுகு இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பு என்று அவர் நினைத்திருந்தார். அது சரியன்று. 1890-களில் மேலைநாட்டுச் சைக்கிள்காரர்கள் உருக்கிய விலங்குக் கொழுப்பில், பென்சிலுக்குள் இருக்கிறதே அந்தக் கிராஃபைட்டின் தூளைக் கலந்து, அதில் சங்கிலியை அமிழ்த்தி எடுத்தார்கள். ஆறியதும் அது கெட்டியாகிவிடும். சங்கிலிக்கென்றே கிராஃபைட்டுக் கட்டிகளும் விற்றன. அதே காலத்தில் எண்ணெய்க் கட்சியும் சும்மா இருக்கவில்லை. வுல்வர்ஹாம்ப்டனின் ஜான் மார்ஸ்டன் தம் சன்பீம் சைக்கிள்களில் சங்கிலியை முழுவதுமாக ஒரு பெட்டிக்குள் மூடி, சிறு எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே ஓடவிட்டார். புழுதி உள்ளே வர வழியில்லை என்றால் எண்ணெயைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? வழக்கு அன்றே தொடங்கி, அன்றே சமரசமும் கண்டிருக்கிறது.

நம்மவர்க்கும் இது புதிதன்று. உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதை ஔவையார் புறநானூற்றில் பதிவு செய்திருக்கிறார். அச்சு பழுதானால் நடுவழியில் நிற்க வேண்டும் என்ற அச்சம் அவ்வளவு பழமையானது. அந்த அச்சத்துக்கு நம் உழவர் கண்ட மருந்துதான் வண்டி மை. வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, குடம் சுழலும் அச்சில் தடவினார்கள். எண்ணெய் மட்டுமே என்றால் வழிந்தோடிவிடும்; கரி கலந்தால் நின்று காக்கும். கொழுப்பில் கிராஃபைட்டுக் கலந்த அயல்நாட்டாரின் எண்ணமும் இதற்கு வெகுதொலைவில் இல்லை.

இனி அறிவியல் சொல்வது. 1999-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழுவினர் சங்கிலியின் திறனை ஆய்வுக்கூடத்தில் அளந்தனர். நல்ல நிலையில் 98.6 விழுக்காடு ஆற்றல் வரை சக்கரத்தைச் சேர்ந்தது. வியப்பு அதுவன்று. சுத்தமான ஆய்வுக்கூடச் சூழலில், எந்த எண்ணெய் இட்டாலும் திறனில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. மூட்டுக்குள் இருக்கும் இடத்தை நிரப்பி அழுக்கு நுழையாமல் தடுப்பதே எண்ணெயின் முதன்மைப் பணியாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினர். பின்னாளில், 2010-களில், அமெரிக்காவின் ஜேசன் ஸ்மித் நுண்ணிய கருவிகளால் அளந்தபோது, உராய்வு மிகக் குறைவானவற்றுள் பாரஃபின் மெழுகும் இருந்தது. ஆயினும் இந்த வேறுபாடு சில வாட் அளவே. பந்தயக்காரர்க்கு அது பெரிது. பாடியிலிருந்து ஆவடிக்கு வேலைக்குப் போகிறவர்க்குப் பெரிதன்று. அவருக்கு வேண்டியது சங்கிலி நீண்டநாள் உழைப்பதும், வழியில் அறுந்து நிற்காமலிருப்பதும்தான்.

அந்த வகையில் மெழுகுக்கு ஒரு தெளிவான மேன்மை உண்டு. அது கெட்டியாக இருப்பதால் புழுதி எளிதில் ஒட்டுவதில்லை. வேட்டியிலும் சேலையிலும் கறை படிவதில்லை. ஆனால் அதற்குரிய சடங்குகள் பல. ஆலையில் இட்ட கிரீஸை முதலில் மண்ணெண்ணெயிலோ வேறு கரைப்பானிலோ முற்றாக நீக்க வேண்டும். எண்ணெய்ப்பசை மிஞ்சினால் மெழுகு பிடிக்காது. நேரடித் தீயில் வைத்தால் மெழுகு பற்றிக்கொள்ளும் என்பதால், கொதிநீரில் இறக்கிய பாத்திரத்தில் உருக்க வேண்டும். சங்கிலியை ஊறவைத்து, ஆறவிட்டு, இறுகிய மூட்டுகளை ஒவ்வொன்றாக மடக்கித் தளர்த்த வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மழை வேறு இருக்கிறது. எண்ணெய் ஊர்ந்து சென்று வெற்றிடத்தை ஓரளவு தானே நிரப்பிக்கொள்ளும். மெழுகு அப்படியன்று, உதிர்ந்த இடம் உதிர்ந்ததுதான். அங்கே ஈரம் தங்கினால் மறுநாள் காலை துரு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் புகுந்ததுபோன்ற நாட்களை விட்டுவிடுவோம். ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் முழங்காலளவு நீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் வட்டாரத்தில் மெழுகை மட்டும் நம்புவது கடினம்.

இவற்றையெல்லாம் தொகுத்துக்கொண்டு மீண்டும் பெரியவரிடம் போனோம். மெழுகைப் பற்றி நண்பர் சொன்ன அனைத்தையும் அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நீங்க சொல்றது தப்பில்ல தம்பி. ஆனா அப்பல்லாம் ஆறு மணி ஷிப்டுக்குப் போறவன் அஞ்சே முக்காலுக்கு வந்து நிப்பான். செயின் கத்துதுன்னுவான். அவன நிக்க வெச்சுட்டு நான் அடுப்பா பத்த வைக்க முடியும்? நாலு சொட்டு விட்டு அனுப்புவேன்."

"துடைச்சுட்டு விட்டிருக்கலாமே ஐயா?" என்றார் நண்பர்.

"எண்ணெய் விடறது ஒரு நிமிஷம். துடைக்கறது பத்து நிமிஷம். விடறதுக்குத்தான் காசு குடுப்பாங்க. துடைக்கறதுக்கு யாரு குடுத்தாங்க?"

நாங்கள் தேடிப் போன வரலாறு இந்த விடையில் இருந்தது. சங்கிலியைக் கொன்றது எண்ணெயன்று. துடைக்க நேரமில்லாத வாழ்க்கை. ஆலை வாயிலில் சில நிமிடம் பிந்தினால் கூலி குறையும் என்ற அச்சம் ஒருபுறம். துடைக்கும் உழைப்புக்கு விலையே வைக்காத வழக்கம் மறுபுறம். இரண்டுக்கும் நடுவில், பழைய அழுக்கின்மேல் புதிய எண்ணெய் விழுந்துகொண்டே இருந்தது. கைக்குக் கிடைத்த எண்ணெயெல்லாம் விழுந்தது. நாளடைவில் பசையாகும் நல்லெண்ணெயும் விழுந்தது. மோட்டார் வண்டியிலிருந்து வடித்த, உலோகத்தூள் மிதக்கும் கறுப்பு எண்ணெயும் விழுந்தது. எங்கள் நண்பரின் மெழுகுச் சங்கிலி நன்றாக இருப்பதற்கு மெழுகு பாதிக் காரணம். ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றிக் கழுவ அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருப்பது மறுபாதி.

எனவே எங்கள் தீர்ப்பு இரு கட்சியையும் முழுதாக மகிழ்விக்காது. நேரமும் ஆர்வமும் உள்ளவர், மழையற்ற தை முதல் ஆனி வரை மெழுகிட்டுப் பார்க்கலாம், பயன் உண்டு. நாள்தோறும் மிதித்தாக வேண்டியவர்க்கு எண்ணெயே போதும். ஆனால் முதலில் பழந்துணியால் சங்கிலியை அழுத்தித் துடைக்க வேண்டும். பின்பு மெல்லிய இயந்திர எண்ணெயை உருளைக்கு ஒரு சொட்டு வீதம் விட்டு, மிதிக்கட்டையைப் பின்னோக்கிச் சில சுற்றுகள் சுற்றி, உள்ளே இறங்கச் சற்று நேரம் தந்து, வெளியே இருப்பதை மறுபடி துடைத்துவிட வேண்டும். சங்கிலி உலர்ந்ததுபோல் தோன்ற வேண்டும். அதுவே சரியான அடையாளம். மழையில் நனைந்த அன்று மாலையே இதைச் செய்வது நல்லது.

'ஓவர்ஹால்' என்ற சொல் பிரித்தல், துடைத்தல், பார்த்தல், பூட்டுதல் என்ற நீண்ட உழைப்பைக் குறித்தது. அது பாடியின் தெருமுனைக்கு வந்து சேர்ந்தபோது அதில் எண்ணெய் மட்டும் மிஞ்சியது. உச்சரிப்பில் நேர்ந்த மாற்றம் என்று நாம் தொடக்கத்தில் கருதியது, அந்தக் கடைக்காரருக்கும் அவர் முன் நின்ற தொழிலாளிக்கும் கிடைக்காமற்போன பத்து நிமிடங்களின் தடயமாகவும் இருக்கிறது. உங்கள் ஊர்ச் சைக்கிள் கடையில் இந்த வேலைக்கு வேறு பெயர் வழங்குமானால் எழுதுங்கள். துடைப்பதற்கென்று தனிச்சொல் வைத்திருக்கும் ஊர் ஏதேனும் இருக்கிறதா என்று அறிய எங்களுக்கு மிகுந்த ஆவல்.