தாடை எலும்பு ஒன்றா, இரண்டா?

நடுவர் அவர்களே! எதிரணி அம்மையார் ஒரு போடு போட்டார்கள். "வெசாலியஸ் புத்தகம் படித்தா மருத்துவத்தைத் திருத்தினார்? கத்தியை எடுத்தார், பிணத்தை அறுத்தார், உண்மையைக் கண்டார். அனுபவம்தான் ஆசான்" என்றார்கள். கைதட்டலும் வாங்கிவிட்டார்கள். கத்தி எடுத்தது நிஜம்தாங்க, நான் மறுக்கலை. ஆனா கதை கத்தியோட முடிஞ்சுதா?

காலன் என்று ஒரு கிரேக்க மருத்துவர். பயப்படாதீங்க, எமன் இல்லை, வைத்தியர்தான்! கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்தவர். மனித உடலை அறுக்க வழியில்லாத காலம். குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்து எழுதினார். கீழ்த்தாடையில் எலும்பு இரண்டு என்றார். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் அவர் சொன்னதுதான் வேதம்.

ஏன் திருத்த முடியவில்லை? எல்லாம் கையால் எழுதிய பிரதிகள். ஒன்று போல ஒன்று இருக்காது. தப்பு இருந்தால், ஆசிரியர் செய்ததா, படியெடுத்தவர் தூக்கக் கலக்கத்தில் செய்ததா? யார் சொல்வது? படம் இன்னும் மோசம். நாலு பேர் கை மாறினால் ஈரல் இலையாகிவிடும்!

1525இல் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் அச்சகம் காலனின் நூல்களை 5 தொகுதிகளாகக் கிரேக்க மொழியிலேயே அச்சிட்டது. இப்போ பாரிஸ்காரர் கையிலும் பதுவாக்காரர் கையிலும் ஒரே பக்கம், ஒரே வரி. இனி தப்பு ஒளிய முடியாதுங்க! 1541இல் வெனிஸில் வந்த இன்னொரு காலன் பதிப்புக்குப் பிழை பார்த்துக் கொடுத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அம்மையார் சொன்ன அதே வெசாலியஸ்! பதுவா பல்கலைக்கழகத்தில் அறுவைப் பாடம் நடத்திய இளைஞர். ஒரு பக்கம் அச்சுத்தாள், இன்னொரு பக்கம் பிணம். தாடையைப் பார்த்தார், எலும்பு ஒன்றுதான்.

அந்தக் கூடத்தில் நின்றவர்கள் எத்தனை பேர்? அவர்களோடு போயிருக்க வேண்டிய செய்தி. அவர் என்ன செய்தார்? படங்களை மரக்கட்டையில் செதுக்க வைத்தார். 1542இல் கட்டைகளைப் பத்திரமாகப் பொதிந்து, வியாபாரிகளிடம் கொடுத்து, ஆல்ப்ஸ் மலை தாண்டி பாசல் நகரத்துக்கு, ஒபோரினஸ் அச்சகத்துக்கு அனுப்பினார். 1543இல் 200க்கு மேற்பட்ட படங்களோடு நூல் வந்தது. ஒவ்வொரு எலும்பின் மேலும் ஓர் எழுத்து. அதே எழுத்து பாடத்திலும். பிணத்தையே பார்க்காத மாணவன்கூட விரல் வைத்துப் படிக்கலாம். அப்போது அவருக்கு வயசு 28.

பாரிஸில் அவருக்குப் பாடம் சொன்ன சில்வியஸுக்குத் தாங்கவில்லை. "காலன் தப்பில்லை, மனித உடம்புதான் அதற்குப் பிறகு மாறிவிட்டது" என்று வாதாடினார்! சீடனின் பெயரையே திரித்துப் பைத்தியக்காரன் என்று 1551இல் திட்டி எழுதினார்.

அம்மையாரே, அந்தத் திட்டும் அச்சில்தான் வந்தது!