இராயப்பேட்டை வெஸ்லி ஆலயமும் தமிழாசிரியரும்

சென்ற திங்களில் ஒருநாள் வகுப்பு முடிந்தபின் மாணாக்கனொருவன் என்பால் வந்து, "ஐயா, திரு. வி. க. சைவப் பற்று மிக்கவராயிற்றே. அவர் கிறிஸ்தவப் பள்ளியிற் பயின்றது எங்ஙனம்?" என்று வினவினான். விடையிறுக்கப் புகுந்த யான் இராயப்பேட்டை வெஸ்லி ஆலயத்தின் வரலாற்றையே சொல்ல நேர்ந்தது. நமது வேளச்சேரிக்கு அவ்வாலயம் நெடுந்தொலைவிலன்று. எனினும் அதன் வாயிலைக் கடந்து செல்லும் நம்மவருள் அதன் கதையறிந்தார் சிலரே ஆதலின், சங்கத்தன்பர் பொருட்டு ஈண்டு எழுதலானேன்.

ஜான் வெஸ்லி (1703–1791) என்பார் இங்கிலாந்துத் திருச்சபைக் குருமார்களுள் ஒருவர். ஆக்ஸ்போர்டில் அவரும் அவர் நண்பரும் ஜெபம் செய்தல், நூலோதல், சிறைப்பட்டாரைச் சென்று காண்டல் ஆகியவற்றை நாழிகை தவறாது நடத்தினர். அதுகண்டு நகைத்த பிற மாணவர் அவர்களை 'மெதடிஸ்டு' என்றழைத்தனர். 'முறைக்காரர்' என்று நாம் சொல்லலாம். எள்ளி இட்ட பெயரே பின்னர் ஒரு பெருஞ்சபைக்கு உரிய பெயராயிற்று.

1813-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்திற்கு முன்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் ஆட்சிப் பகுதியில் மிஷனரிமார் புகுதலை விரும்பிலர். அத்தடை தளர்ந்த அளவில் டாக்டர் தாமஸ் கோக் என்னும் முதியவர் இளைஞர் சிலரை அழைத்துக்கொண்டு கப்பலேறினார். 1814 மே 3-ஆம் நாள் அவர் நடுக்கடலிலேயே உயிர் துறந்தார். தலைவரை இழந்த அவ்விளைஞர் பம்பாய் வழியாக அவ்வாண்டு ஜூன் இறுதியில் இலங்கையின் காலித் துறையை அடைந்தனர். அவருள் யாழ்ப்பாணத்திற்குச் சென்ற ஜேம்ஸ் லிஞ்சு என்னும் ஐரிஷ்காரரே 1817-இல் சென்னைக்கு வந்தவர். இராயப்பேட்டையில் 1819-இல் ஒரு சிற்றாலயம் எழுந்தது. 1822-இல் பிராட்வேயில் மற்றொன்று தோன்றியது. இராயப்பேட்டைச் சிற்றாலயம் இருந்தவிடத்து, கூர்வளைவுகளோடு கூடிய இன்றைய ஆலயம் 1853-இல் அமைந்தது. கட்டடத்தின் வளர்ச்சி இவ்வளவே. சபையின் வளர்ச்சியோ மொழியைப் பற்றியது. தொடக்கத்தில் வந்தவர் ஆங்கிலம் பேசுவாரே பெரும்பாலும். தமிழறியாமல் தமிழரிடையே வேர்கொள்ளுதல் இயலாதென்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர்.

எலைஜா ஹூல் என்பாரின் கதை இதற்குச் சான்று. அவர் 1820-இல் ஏறிவந்த கப்பலின் பெயர் 'தஞ்சாவூர்'. மட்டக்களப்புக் கடலில் இடிவீழ்ந்து அக்கப்பல் எரிந்தது. ஹூல் உயிர் தப்பினாரெனினும் அவர்தம் நூல்களெல்லாம் அழிந்தன. (புத்தகம் சேர்த்து வைத்தார்க்கே அத்துயரம் புலப்படும்.) வெறுங்கையராய்ச் சென்னை புகுந்த அவர் தமிழை முயன்று கற்று, 1822-இல் தமிழ் வேதாகமத்தைத் திருத்தும் குழுவில் இடம்பெற்றார். இஃது எளிய செய்தியன்று.

நிற்க. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பள்ளியை நடத்திய பீட்டர் பெர்சிவல் பாதிரியாரிடம் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தவர் ஆறுமுக நாவலர். பெர்சிவலார் வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தபோது நாவலரே அவர்க்குத் துணை. அம்மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டுவந்து மகாலிங்கையர் முன் படித்துக்காட்ட, அவர் அதன் நடையைப் புகழ்ந்தார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. சைவத்தில் உறைப்புடைய நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி மிஷனின் வழியினின்று விலகினார். மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தும் சபைகள் பலவற்றில் நிலைபெறவில்லை. பப்ரிசியுசின் பழைய பாடத்தில் ஊறிய செவிகட்கு அது புதிதாயிருந்தது. புலவர்க்கு இனித்த நடை ஏழை விசுவாசிக்கு எட்டாமற் போனதில் வியப்பில்லை. தமிழ்ப் பண்டிதனாகிய யான் இதனை ஒப்புக்கொள்ளுதல் சற்றே கடினந்தான்!

இனி, மாணாக்கன் வினாவுக்கு வருவோம். ஆலயத்தோடு சார்ந்து இராயப்பேட்டையில் வளர்ந்த வெஸ்லி பள்ளியில், நாவலர் மரபைப் போற்றியவரும் யாழ்ப்பாணத்தவருமாகிய நா. கதிரைவேற்பிள்ளை தமிழாசிரியராய் விளங்கினார். மிஷனைக் கண்டித்த நாவலரின் வழிவந்தவரை மிஷன் பள்ளியே ஆசனமிட்டு அமர்த்தியது. அவர்பால் தமிழ் கேட்டவரே திரு. வி. க. அருட்பா பற்றிய வழக்கில் ஆசிரியர்பொருட்டுச் சாட்சி சொல்ல நீதிமன்றம் சென்றமையால் 1904-இல் அவர் இறுதித் தேர்வை எழுத இயலாது போயிற்று. தேர்வு தவறிய அம்மாணவரையே பிற்காலத்தில் வெஸ்லி கல்லூரி தன் தமிழாசிரியராக ஏற்றது! 1917-இல் 'தேசபக்தன்' ஆசிரியப் பொறுப்பை ஏற்கும்பொருட்டு அவர் அப்பணியை விடுத்தார். அடுத்த ஆண்டு தோன்றிய சென்னைத் தொழிற்சங்கத்திலும் அவர் முன்னின்றார்.

இவர்களுள் எவரும் அவ்வாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றாரல்லர். எனினும் சபையார் இவரை வேண்டினர். இவரும் தம் சமயத்தை விட்டுக்கொடாமலே கற்பித்தனர். சபையார் தம் மக்கட்குத் தமிழ் கற்பிக்கத் தம் சமயத்தாரையே தேடியிருப்பின், வெஸ்லி பள்ளியின் பெயரை இன்று நம் மாணாக்கர் வினவுதற்கு இடமிருந்திராது என்பது என் கருத்து.

1947 செப்டம்பர் 27-இல் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கரும், பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனலாரும் முன்னரே கூடியமைத்த ஐக்கிய சபையாரும், வெஸ்லியன் மரபினரும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபையை நிறுவினர். இராயப்பேட்டை ஆலயமும் அதனுள் அடங்கிற்று. வில்லியம் டெய்லர் 1870-களில் தொடங்கிய அமெரிக்க மெதடிஸ்டுச் சபையோ அவ்விணைப்பிற் சேராது தனியே நின்றது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவார் பலர். வெஸ்லியின் பெயர் இராயப்பேட்டையில் ஆலயத்தின் மேலும் பள்ளியின் மேலும் இன்றும் உளது. மாணாக்கன் அதனை நேரிற் காண வேண்டுமென்றான். வருகின்ற விடுமுறையில் அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.