நகல் குரல்களின் வரலாறு: நம்ம ஊர் மெல்லிசைக் குழுக்கள்

குற்றாலத்தில் சாரல் விழா நடக்கும் நாட்களில் கலைவாணர் அரங்கத்துப் பக்கம் போனால், ஏதாவது ஒரு மாலையில் மெல்லிசைக் கச்சேரி இருக்கும். தென்காசியைச் சுற்றியுள்ள கோயில் கொடைகளிலும் வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், கரகாட்டம் வரிசையில் "இன்னிசைக் கச்சேரி" என்று நோட்டீஸில் ஒரு வரி வந்துவிடும். "சினிமாப் பாட்டைத் திரும்பப் பாடுறாங்க, இதுல என்ன பெருசா இருக்கு?" என்று கேட்பவர்கள் நிறைய. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

முதலில் கொஞ்சம் வெளிநாடு போய் வருவோம். பீட்டில்ஸ் குழு 1966 ஆகஸ்டில் சான்பிரான்சிஸ்கோ நிகழ்ச்சியோடு மேடைப் பயணங்களை நிறுத்திக்கொண்டது. 1967ல் வந்த 'சார்ஜெண்ட் பெப்பர்' ஆல்பத்துக்காக அவர்கள் ஊர் ஊராகக் கச்சேரி செய்யவே இல்லை. ஆனால் 1980ல் இங்கிலாந்தில் தொடங்கிய 'பூட்லெக் பீட்டில்ஸ்' என்ற குழு அதே உடை, அதே தலைமுடி, அதே கிடாரோடு அந்தப் பாடல்களையும் மேடையேற்றியது. கனடாவின் மான்ட்ரியலில் 1993ல் உருவான 'தி மியூசிக்கல் பாக்ஸ்', ஜெனிசிஸ் குழுவின் 1970களின் கச்சேரிகளை அந்தக் குழுவின் அனுமதியோடு காட்சிக்குக் காட்சி திரும்ப நடத்தியது. இதற்கு அங்கே 'ட்ரிப்யூட் பேண்ட்' என்று பெயர்.

நம்ம ஊருக்கு வருவோம். நம் மெல்லிசைக் குழுக்களின் நிலைமை இன்னும் சுவாரசியமானது. சினிமாப் பாட்டு பிறப்பது ஒலிப்பதிவுக் கூடத்தில். திரையில் வாயசைப்பவர் ஒருவர், பாடியவர் வேறொருவர். அதாவது, நகலெடுப்பதற்கு 'ஒரிஜினல் கச்சேரி' என்று ஒன்றே கிடையாது! வரிசையாக வயலின்கள் வாசித்த ஒரு பாட்டை ஒரு கீபோர்டு, ஒரு கிடார், தபலா, டிரம்ஸ் என்று நாலைந்து பேருக்குள் அடக்க வேண்டும். இடையிசையை அந்தக் காலத்தில் கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டித்தான் காதால் பிடிக்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவெடுப்பதே ஒரு தனி இசையறிவு.

அதனால்தான் இந்த மேடைகள் பள்ளிக்கூடங்களாகவும் இருந்தன. இளையராஜாவும் அவருடைய சகோதரர்களும் 'பாவலர் பிரதர்ஸ்' என்ற பெயரில் ஊர் ஊராகக் கச்சேரி செய்தவர்கள். 1976ல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்பு எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் மேடைக் குழுவிலும் அவர்கள் வாசித்திருக்கிறார்கள். பிறகு ஏ.வி.ரமணனின் 'மியூசியானோ', 'லஷ்மண் ஸ்ருதி' போன்ற குழுக்கள் தமிழ்நாடு முழுவதும் பெயர் பெற்றன. பெயர் தெரியாத குழுக்கள் இன்னும் எத்தனையோ. டி.எம்.எஸ். குரலுக்கு ஒருவர், சுசீலா குரலுக்கு ஒருவர் என்று ஆள் வைத்திருந்தார்கள்.

திரும்ப நிகழ்த்துவது குற்றாலத்துக்குப் புதிதும் அல்ல. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய 'திருக்குற்றாலக் குறவஞ்சி'யை, 1944ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவின் நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். கவிராயர் காலத்து ஆட்டம் எப்படி இருந்தது என்று பார்க்க ஒளிநாடாவா இருந்தது? ஏட்டில் வரிகள் இருந்தன. மற்றதை இசையமைத்தவர்களும் ஆடியவர்களும்தான் நிரப்பினார்கள். அதைக் கலை என்கிறோம். கொடை மேடையில் நடப்பதை மட்டும் நகல் என்று ஒதுக்குவது சரியா?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது: பாட்டு யாருக்குச் சொந்தம்? 2017 மார்ச்சில், அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பி.க்கு, அனுமதியின்றித் தன் பாடல்களைப் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. பாடியவரே அவர்தான் என்றாலும்! 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சமயச் சடங்குகளுக்கும் திருமண ஊர்வலங்களுக்கும் விலக்கு தருகிறது. டிக்கெட் போட்டு நடத்தும் கச்சேரிக்கு அந்த விலக்கு இல்லை. 2012 திருத்தம் இசையமைப்பாளர், பாடலாசிரியர்களின் ராயல்டி உரிமையை உறுதி செய்தது. படைத்தவருக்குப் பங்கு போவது நியாயம்தான். ஆனால் ஒரு இரவுக் கூலிக்கு வேனில் வந்து இறங்கும் கீபோர்டுக்காரருக்கு எந்த ராயல்டியும் இல்லை. 2020ல் கொரோனாவால் திருவிழாக்கள் நின்றபோது அவர்களுக்கு வருமானமே நின்றுபோனது.

இப்போது பல மேடைகளில் கரோக்கி டிராக்கை ஓடவிட்டுப் பாடுகிறார்கள். செலவு குறைவு, பிசிறும் இருக்காது. ஆனால் வாசித்துக் கற்றுக்கொள்ளும் இடம் அங்கே இல்லாமல் போகிறது. அடுத்த 'பாவலர் பிரதர்ஸ்' எங்கிருந்து வருவார்கள்? அடுத்த முறை கொடையில் கச்சேரி நடந்தால், பாடுபவரை மட்டும் பார்க்காமல், பின்னால் உட்கார்ந்து வாசிப்பவரையும் கொஞ்சம் கவனியுங்கள் நண்பர்களே. பாட்டு முடிந்ததும் அவருக்கும் சேர்த்துக் கை தட்டுங்கள்.