நான்கு மீட்டர்க் கோடு: இந்தியக் கார்ச் சந்தையில் செடானின் சரிவும் எஸ்யூவியின் எழுச்சியும்

2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்பனையான பயணிகள் வாகனங்கள் சுமார் 43 லட்சம். இவற்றில் ஏறத்தாழ 65 விழுக்காடு ‘பயன்பாட்டு வாகனம்’ என்ற தலைப்பின்கீழ் வருவதாக இந்திய ஆட்டோமொபைல் உற்பத்தியாளர் சங்கமான சியாமின் கணக்கு சொல்கிறது. எர்டிகா, இன்னோவா போன்ற குடும்ப வண்டிகளும் இதே தலைப்பில் அடங்கும் என்றாலும், இதில் பெரும்பகுதி எஸ்யூவி என்று அழைக்கப்படும் வண்டிகளே. ஒரு தலைமுறைக்கு முன் நடுத்தர வர்க்கத்தின் கனவாக இருந்த செடானின் பங்கு இதற்கிடையில் தேய்ந்துபோனது. சியாஸ், சிவிக், கொரோலா ஆல்டிஸ், யாரிஸ், எலான்ட்ரா எனப் பல பெயர்கள் விற்பனைப் பட்டியலிலிருந்தே மறைந்துவிட்டன.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எளிமையானது: வாங்குபவரின் ரசனை மாறிவிட்டது. நுகர்வோரின் விருப்பத்தை அவர் வாங்கும் பொருளிலிருந்தே அறியலாம் என்று பால் சாமுவேல்சன் 1938இல் முன்வைத்த கருத்தின் நிழல் இதில் படிந்திருக்கிறது. ஆனால் அந்தக் கருத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. எந்தெந்த விலையில், எந்தெந்தப் பொருள்களுக்கிடையே அவர் தேர்ந்தெடுத்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியக் கார்ச் சந்தையில் அந்த விலைகளையும் பொருள்களையும் இருபது ஆண்டுகளாக வடிவமைத்து வந்திருப்பது வரிச் சட்டத்திலுள்ள ஓர் அளவு: 4000 மில்லிமீட்டர். இந்தக் கோட்டுக்குக் கீழே நடந்ததை ரசனையின் வரலாறாக வாசிப்பது பிழை என்பதும், கோட்டுக்கு மேலேதான் ரசனையைத் தேட முடியும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2006-07 மத்திய நிதிநிலை அறிக்கையில் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16ஆகக் குறைத்தார். எது சிறிய கார் என்பதற்கு மூன்று எண்கள் வகுக்கப்பட்டன: நீளம் 4000 மில்லிமீட்டருக்கு மிகாதிருக்க வேண்டும்; பெட்ரோல் என்ஜின் 1200 சிசிக்குள், டீசல் என்ஜின் 1500 சிசிக்குள் இருக்க வேண்டும். 2008இல் இந்த வரி 12 விழுக்காடாக இறங்கியது. 2013இல் எஸ்யூவிகளின் வரியை 27இலிருந்து 30 விழுக்காடாக அதே சிதம்பரம் உயர்த்தினார். ஆனால் அதிலும் எஸ்யூவி என்றால் 4 மீட்டருக்கு மேற்பட்ட நீளம், 1500 சிசிக்கு மேற்பட்ட என்ஜின், 170 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் கிரவுண்ட் கிளியரன்ஸ் என்றுதான் வரையறை. ஆடம்பரத்தைத் தண்டிக்க எழுதப்பட்ட விதி, 4 மீட்டருக்குள் அடங்கிய எஸ்யூவியைத் தொடவே இல்லை. சாலையில் எஸ்யூவி, வரிப் புத்தகத்தில் சிறிய கார் என்ற இரட்டைப் பிறவிக்கு இடம் கிடைத்தது அங்கேதான். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோதும் கோடு அழியவில்லை. செஸ்ஸையும் சேர்த்தால் சிறிய பெட்ரோல் காருக்கு 29, நடுத்தரக் காருக்கு 45, பெரிய காருக்கு 48, எஸ்யூவிக்கு 50 விழுக்காடு என்று ஆனது.

இந்தக் கோடு எல்லா உடல்வடிவங்களையும் ஒரே மாதிரி பாதிக்கவில்லை. என் பார்வையில், இதுவரையான விவாதங்களில் போதிய கவனம் பெறாத இடம் இது. செடான் மூன்று பெட்டிகளாலானது. முன்னால் என்ஜின், நடுவில் ஆட்கள், பின்னால் டிக்கி. மூன்றும் நீளவாக்கில் வரிசையாக நிற்பதால் நீளத்தைக் குறைத்தால் ஏதாவது ஒன்றை வெட்டியாக வேண்டும். 2008இல் வந்த முதல் ஸ்விஃப்ட் டிசையரின் நீளம் 4160 மில்லிமீட்டர். வரிச்சலுகைக்காக 2012இல் அது 3995ஆகக் குறைக்கப்பட்டபோது டிக்கி 440 லிட்டரிலிருந்து 316 லிட்டராகச் சுருங்கியது. இதற்கு முன்னோடி, 2008இல் டாடா வெட்டிக் குறுக்கிய இண்டிகோ சிஎஸ். பின்பக்கம் கத்தரித்தது போன்ற அந்த உருவத்தை அழகு என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. எஸ்யூவியின் கதை வேறு. அதன் கவர்ச்சி உயரத்தில் இருக்கிறது. சட்டம் நீளத்தை அளந்தது, உயரத்தை அளக்கவில்லை. நிமிர்ந்த இருக்கை, உயர்ந்த கூரை, நெட்டுக்குத்தான பின்கதவு ஆகியவற்றால் 4 மீட்டருக்குள்ளேயே ஐந்து பேரையும் அவர்கள் சாமான்களையும் அடைக்க முடிந்தது. அளக்கப்படாத திசையில் வளர்ந்த வண்டி வென்றதில் வியப்பில்லை.

இதன் ஆய்வுக்கூடம் சென்னைப் புறநகர் என்றால் மிகையாகாது. மறைமலைநகரில் ஃபோர்டு தயாரித்த ஈக்கோஸ்போர்ட், எஸ்யூவி வரி உயர்ந்த சில மாதங்களில், 2013 ஜூனில் விற்பனைக்கு வந்தது. அதன் நீளம் 3999 மில்லிமீட்டர். கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே. 2016இல் மாருதியின் விட்டாரா பிரெஸ்ஸா, 2017இல் டாடா நெக்ஸான், 2019இல் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஹூண்டாய் வென்யூ, 2020 இறுதியில் ஒரகடத்திலிருந்து நிசான் மேக்னைட், அடுத்து அதே ஆலையிலிருந்து ரெனோ கைகர் என வரிசை நீண்டது. வழி திறந்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலை 2022இல் ஓய்ந்தது. அது திறந்த பிரிவு மட்டும் வளர்ந்துகொண்டே போனது. 2024இல் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் டாடா பஞ்ச். பல பத்தாண்டுகளாக மாருதி விட்டுக்கொடுக்காதிருந்த இடத்தை, 2 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட எண்ணிக்கையில், 4 மீட்டருக்கு வெகுவாகக் குறைந்த ஒரு வண்டி பிடித்தது.

பஞ்ச் உண்மையில் எஸ்யூவியா? ஓர் ஒப்பீடு போதும். மாருதியின் பலேனோ, ஃபிராங்க்ஸ் இரண்டுக்கும் சக்கர இடைவெளி ஒன்றே, 2520 மில்லிமீட்டர். நீளத்தில் வித்தியாசம் 5 மில்லிமீட்டர். ஃபிராங்க்ஸ் 50 மில்லிமீட்டர் உயரமானது. அதன் கிரவுண்ட் கிளியரன்ஸ் 170க்குப் பதிலாக 190. பலேனோவை விற்றால் சியாம் கணக்கில் அது பயணிகள் கார். ஃபிராங்க்ஸை விற்றால் பயன்பாட்டு வாகனம். கிராண்ட் ஐ10 நியோஸுக்கும் எக்ஸ்டருக்கும் உறவு ஏறக்குறைய இதுவே. ஆக, 65 விழுக்காடு என்ற பெரிய எண்ணுக்குள் சற்றே தூக்கி நிறுத்திய ஹேட்ச்பேக்குகளும் கணிசமாக உட்கார்ந்திருக்கின்றன. தேவைகளை உற்பத்தியாளரே உருவாக்குகிறார் என்று 1958இல் கால்பிரெய்த் வாதிட்டார். இங்கு நடந்தது அவ்வளவு பெரிய சூழ்ச்சியுமில்லை. இருந்த தேவைக்குப் பெயர்ப் பலகையை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

இந்த வாதத்துக்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. எல்லாமே வரியின் வேலை என்றால், வரிச்சலுகை கிடைக்காத 4 மீட்டருக்கு மேலேயும் ஏன் செடான் தோற்றது? ஹூண்டாயின் கிரெட்டாவும் வெர்னாவும் ஒரே ஸ்ரீபெரும்புதூர் வளாகத்தில் உருவாகின்றன. இரண்டும் 4 மீட்டரைத் தாண்டியவை. இரண்டிலும் 1497 சிசி பெட்ரோல் என்ஜின். 1500 சிசியைத் தாண்டாததால் கிரெட்டாவுக்கும் எஸ்யூவி செஸ் இல்லை. இரண்டுக்கும் 45 விழுக்காடுதான் இருந்தது. சட்டம் நடுநிலை வகித்த இந்தக் களத்தில் கிரெட்டா வெர்னாவைப் பல மடங்கு மிஞ்சி விற்கிறது. வெர்னா 2023இல் டீசலைக் கைவிட்டது, கிரெட்டா கைவிடவில்லை என்பதால் இந்த ஒப்பீட்டில் சிறு கலப்படம் உண்டு. ஹோண்டாவின் சிட்டியும் எலிவேட்டும் இன்னும் தெளிவான சான்று. என்ஜின் ஒன்றே, 1498 சிசி பெட்ரோல். விலையும் ஏறக்குறைய ஒரே மட்டம். எலிவேட் நீளத்தில் சிட்டியைவிட ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவாகக் குட்டை. டிக்கியும் 506 லிட்டருக்குப் பதில் 458 லிட்டர். இருந்தும் வாங்குபவர் எலிவேட் பக்கமே அதிகம் சாய்கிறார். பிரெஸ்ஸாவும் இதே திசையில் சாட்சி சொல்கிறது. 2020இல் டீசலை விட்டு 1462 சிசி பெட்ரோலுக்கு மாறியபோது அது சிறிய கார்ச் சலுகையை இழந்தது. நீளத்தை 3995லேயே வைத்துக்கொண்டு 45 விழுக்காடு வரி கட்டியும் விற்பனைப் பட்டியலின் முன்வரிசையில் நின்றது.

எனவே கோட்டுக்கு மேலே ரசனை மாற்றம் உண்மையே. அதன் காரணங்களை விளம்பரங்களில் தேடுவதைவிட வீட்டு வாசலில் தேடலாம். வண்டியை வாங்குபவருக்கு நாற்பது வயது என்றால், அதில் ஏறி இறங்கும் பெற்றோருக்கு எழுபது. செடானில் குனிந்து அமர்ந்து கையூன்றி எழ வேண்டும். முட்டிவலிக்காரருக்கு அது தண்டனை. எஸ்யூவியின் இருக்கை இடுப்பு மட்டத்தில் இருப்பதால் நாற்காலியில் அமர்வதுபோல் அமரலாம். அளவு தெரியாமல் போட்ட வேகத்தடைகளும் பெயர்ந்த சாலைகளும் அடுத்த காரணம். சிட்டியின் 165 மில்லிமீட்டருக்கும் எலிவேட்டின் 220க்கும் உள்ள வேறுபாட்டை முழு ஆள்பாரத்துடன் வேகத்தடை ஏறியவர் அறிவார். சென்னையில் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களுக்குப் பிறகு உயரமான வண்டி பாதுகாப்பு என்ற எண்ணமும் வேரூன்றியது. இது பாதிதான் சரி. இரண்டடித் தண்ணீரில் 220 மில்லிமீட்டரும் மூழ்கத்தான் செய்யும்.

இன்னொரு காரணம் தகுதியுணர்வு சார்ந்தது. வெட்டிக் குறுக்கப்பட்ட சிறிய செடான் சாகவில்லை. 2018இல் இந்தியாவில் அதிகம் விற்ற கார் டிசையர்தான். ஆனால் அதன் டிக்கியும் மைலேஜும் கால் டாக்சிக்காரருக்கு மிகவும் பொருந்தின. எட்டியோஸ், எக்ஸென்ட், டிசையர் டூர் என்று டி போர்டு வரிசை செடான்களால் நிரம்பியது. விமான நிலையத்தில் வாடகைக்கு ஏறும் அதே வண்டியை ஓன் போர்டில் வாங்கி வாசலில் நிறுத்தத் தயங்கினார் நடுத்தர வர்க்கத்தார். இன்னோவாவும் டாக்சிதானே, அதன் மதிப்பு குறையவில்லையே என்று கேட்கலாம். இன்னோவாவை வாடகைக்கு எடுப்பவர் கல்யாண வீட்டார், அதில் வந்திறங்குபவர் அமைச்சர். விலையும் அதைக் காத்தது. சிறிய செடானுக்கு அந்தக் காப்பு இருக்கவில்லை. ஆக, 4 மீட்டர்க் கோடு செடானுக்கு இருமுறை தீங்கு செய்தது: முதலில் உருவத்தைக் கெடுத்தது, பிறகு மலிவாக்கி டாக்சி வரிசைக்கு அனுப்பியது. கோட்டுக்கு மேலே நாம் காணும் ரசனையிலும் கீழிருந்து ஏறிய இந்தக் கறை கொஞ்சம் இருக்கக்கூடும்.

உடல்வடிவங்களில் மிஞ்சிய இரண்டு கதவுக் கூபேயைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னை வண்டலூரில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு தொடக்கத்தில் இரண்டு கதவு வண்டி. இந்தியாவுக்கென்றே பின்னர் நான்கு கதவு வைத்தார்கள். மூன்று கதவோடு 1991இல் வந்த டாடா சியரா, 2025 நவம்பரில் மறுபிறவி எடுத்தபோது ஐந்து கதவோடு வந்தது. பின்னிருக்கைக்கு மரியாதை இல்லாத காரை இந்தியக் குடும்பம் ஏற்பதில்லை. மூன்று கதவு கொண்ட ‘தார்’ எஸ்யூவி விதிவிலக்கு. ஆனால் அதுவும் 4 மீட்டருக்குள் அடங்கிய வண்டி. 2023இல் 1497 சிசி டீசலோடு வந்த அதன் பின்சக்கர இயக்க வகைக்குச் சிறிய கார் வரியே பொருந்தியது. இன்று கூபே என்ற பெயர் கர்வ், திருவள்ளூரில் தயாராகும் பசால்ட் ஆகிய எஸ்யூவிகளின் சரிந்த கூரையில்தான் மிஞ்சியிருக்கிறது. இரண்டும் 2024இல் வந்தவை. இரண்டும் விற்பனையில் முன்வரிசைக்கு வரவில்லை.

சட்டம் இடையில் தன்னைத் திருத்திக்கொள்ள முயன்றது. 2023 ஜூலையில் கூடிய ஜிஎஸ்டி மன்றம், எஸ்யூவி என்று பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீளம், என்ஜின், பாரமேற்றாத நிலையில் 170 மில்லிமீட்டர் கிளியரன்ஸ் ஆகிய அளவுகளை எட்டினால் 22 விழுக்காடு செஸ் உண்டு என்று வரையறுத்தது. செடான்களை இதில் சேர்க்கவில்லை. பெயரை விட்டு அளவைப் பிடித்தது நல்ல முன்னேற்றம். 4 மீட்டரைக் கேள்வி கேட்காதது குறை. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் நீங்கி, சிறிய காருக்கு 18, மற்ற பெட்ரோல், டீசல் கார்கள் அனைத்துக்கும் 40 விழுக்காடு என்றாகிவிட்டது. கோட்டுக்கு மேலே செடானுக்கும் பெரிய எஸ்யூவிக்கும் இருந்த வரி வேறுபாடு மறைந்தது. செடானுக்கு மிஞ்சியிருந்த சிறு சலுகையும் அதோடு போயிற்று. கோட்டின் இரு பக்கங்களுக்கும் இடையே இருந்த 16 புள்ளி இடைவெளியோ 22ஆக விரிந்துவிட்டது.

இனி வரும் ஆண்டுகளின் விற்பனைக் கணக்கை ரசனையின் சான்றாகக் காட்ட விரும்பும் ஆய்வாளர்கள், 4 மீட்டருக்குக் கீழும் மேலும் உள்ளவற்றைத் தனித்தனியே பிரித்துக்கொண்டு, இந்த 22 புள்ளிக்கு உரிய பங்கைக் கழித்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.